மட்டக்களப்பு, அம்பாறை மாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி கழிந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் மாரிதான். எல் நினோ வருடமாம், மழை கூடுமாம் என்பார் ஒருவர். லா நினாவாம், வெள்ளம் வருமாம் என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி. மாரியை ஒரே பருவமாக எண்ணிக்கொண்டு கேட்பதால்தான் பதில் குழம்புகிறது. ஐப்பசி மழை வேறு, கார்த்திகை மார்கழி மழை வேறு, தை மாசிக் குளிர் வேறு. மூன்றையும் ஆட்டுவிக்கும் காரணங்களும் வேறு. கீழே உள்ள பதில்கள் இந்தப் பிரிப்பை வைத்தே எழுதப்பட்டவை.

கொழும்பில் வைகாசியிலும் கொட்டுகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் மாரியில்தான் மழை?

நடுவில் மலைநாடு நிற்பதால். தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் ஈரம் மலையின் மேற்குச் சரிவிலேயே இறங்கிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும் காற்று, இறங்க இறங்க அமுக்கப்பட்டுச் சூடேறிக் காய்ந்துபோகிறது. வைகாசி முதல் ஆவணி வரை முகத்தைச் சுடும் கச்சான் காற்று இதுதான். மாரியில் காற்று வங்காள விரிகுடாவின் மேலாக வடகீழ்த் திசையிலிருந்து வருகிறது. அப்போது கடலுக்கு நேரே முகம் காட்டி நிற்பது நாங்கள்தான்.

மாரி எப்போது தொடங்குகிறது?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். விவசாயிக்கு இரண்டும் சேர்ந்ததே மாரி.

முதல் துண்டு ஐப்பசி. காலையில் வெயில், பின்னேரம் இடியும் மின்னலும், ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஏறாவூரில் ஓடையாக ஓடும், பக்கத்துச் செங்கலடியில் தூசு கிளம்பும். இந்தத் துண்டில் ஊருக்கு ஊர் பேதம் அதிகம்.

இரண்டாவது துண்டு கார்த்திகை நடுவிலிருந்து மார்கழி முடிவு வரை. தாழமுக்கங்களும் கிழக்கிலிருந்து நகரும் அலைகளும் வரும் காலம் இது. இடி குறையும், மழை நாள்கணக்கில் நீளும். ஆண்டு மழையின் பெரும்பங்கும் வெள்ளங்களில் அதிகமானவையும் இந்தத் துண்டில்தான்.

மூன்றாவது துண்டு தையும் மாசியும். காற்று வடக்கிலிருந்து வருவதால் குளிரும் வறட்சியும் கலந்திருக்கும், இடையிடையே மழை. இந்த மாதங்களில் மழை வராது என்று இருந்துவிட முடியாது. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளங்கள் இந்தத் துண்டில் வந்தவை.

எல் நினோ வந்தால் எங்களுக்கு மழை கூடுமா, குறையுமா?

எந்த மாதத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதி வழமையைவிட 0.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி மாதக்கணக்கில் அப்படியே நின்றால் அது எல் நினோ. அதே அளவுக்குக் குளிர்ந்தால் லா நினா. எல் நினோ ஆண்டில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை இலங்கையில் கூடும் பக்கம் சாயும். ஜனவரி முதல் மார்ச் வரையான மழை குறையும் பக்கம் சாயும். லா நினாவில் இது அப்படியே தலைகீழ்: முன்மாரி இளைத்து, பின்மாரி தடிக்கும்.

இந்தியாவில் எல் நினோ என்றால் வறட்சி என்று வரும் செய்தி அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை பெய்யும் தென்மேல் பருவமழையைப் பற்றியது. அதை எடுத்து எங்கள் பெரும்போகத்தோடு (மாரி நெற்செய்கை) பொருத்தினால் விடை பிழைக்கும். சமூக ஊடகங்களில் நடக்கும் குழப்பத்தில் பாதி இதுதான்.

2010/11 மாரி நல்ல உதாரணம். அது பலமான லா நினா காலம். தையிலும் மாசியிலும் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அறுவடைக்குக் காத்திருந்த வட்டைகள் (வயல்வெளிகள்) தண்ணீருக்குள் போயின. கதிர் முற்றும் நேரத்தில் வரும் வெள்ளம் முளைப் பருவ வெள்ளத்தைவிடக் கொடியது. மறுபடி விதைக்கக் காலமும் இருக்காது, கையில் காசும் இருக்காது.

இந்து சமுத்திர இருமுனை என்பது என்ன?

எல் நினோவைவிட எங்களுக்கு அருகில் நடப்பது. ஆபிரிக்கப் பக்கக் கடல் சூடாகவும் சுமாத்திராப் பக்கக் கடல் குளிராகவும் இருந்தால் நேர்நிலை. அப்போது முன்மாரியில் மழை கூடும். 2019 இல் மிகப் பலமான நேர்நிலை இருந்தது, அந்த டிசம்பரில் கிழக்கில் வெள்ளமும் வந்தது. எதிர்நிலையில் முன்மாரி ஏமாற்றும். 2016 இல் பலமான எதிர்நிலையோடு மெல்லிய லா நினாவும் சேர்ந்துகொள்ள, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை நாட்டின் பெரும்பகுதியில் பொய்த்தது. 2016/17 பெரும்போக நெல் விளைச்சல் நாடு முழுவதும் விழுந்தது.

இருமுனை பொதுவாக டிசம்பர் அளவில் கரைந்துபோகும். ஆகவே தை மழையை அதை வைத்து ஊகிக்க முடியாது.

அப்படியென்றால் புரட்டாசியில் வரும் பருவ முன்னறிவிப்பை நம்பி விதைக்கலாமா?

சாய்வைச் சொல்லும் தகவலாக எடுக்கலாம், வாக்குறுதியாக எடுக்கக்கூடாது. 2024 ஜனவரியில் எல் நினோ நிலவியது. வாய்பாட்டின்படி மழை குறைந்திருக்க வேண்டும். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெள்ளம் வந்தது.

இந்த முன்னறிவிப்பு உதவும் இடம், எதற்கு முதலில் ஆயத்தப்படுவது என்று முடிவெடுப்பதில். முன்மாரி இளைக்கும் அறிகுறி இருந்தால் மானாவாரிக்காரர் புழுதி விதைப்பில் அவசரப்படாமல், மண்ணைத் தோண்டிப் பார்த்து ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு இறங்கலாம். முதல் மழை மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு இரண்டு கிழமை வெயில் அடித்தால் முளை கருகிவிடும், விதை நெல்லும் போய்விடும். பின்மாரி தடிக்கும் அறிகுறி இருந்தால் அறுவடைக் காலத்துக்கான வடிகாலை ஐப்பசியிலேயே வெட்டிவைக்க வேண்டும். தையில் சேற்றுக்குள் நின்று வாய்க்கால் வெட்ட முடியாது. குளத்துப் பாசனக்காரர் போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் குறிக்கும் திகதியை மீறாதிருப்பதே நல்லது. ஒரு வட்டையில் ஆளுக்கொரு நாள் விதைத்தால் அறக்கொட்டியான் பூச்சிக்கு மாதக்கணக்கில் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

எந்த நெல்லை எந்தக் காணிக்கு?

வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றரை மாத இனம் (பிஜி 352, ஏரி 362 (At 362) போன்றவை) சுமார் 105 நாள். நவம்பர் 1 இல் விதைத்தால் பெப்ரவரி நடுவில் வெட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னே, அதாவது தைப்பொங்கலை ஒட்டி, பூக்கும். மூன்று மாத இனம் (பிஜி 300) நவம்பர் 10 இல் விழுந்தாலும் ஏறத்தாழ அதே நேரத்தில் பூத்து வெட்டுக்கு வரும்.

தாழ்ந்த காணிக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. கார்த்திகைக் கடைசியில் வெள்ளம் வரும்போது பயிர் தண்ணீருக்கு மேல் தலை காட்ட வேண்டும். முழுக்க மூழ்கிய இளம் பயிர் சில நாட்கள்தான் தாங்கும். ஒரு கிழமையைத் தொட்டால் பெரும்பாலும் அழுகிவிடும். கலங்கிய தண்ணீரென்றால் வெளிச்சம் உள்ளே போகாது, இன்னும் விரைவில் சாகும். ஆகவே பள்ளக்காணியில் ஒக்டோபர் நடுவுக்குள் விதைப்பு முடியவேண்டும். மேட்டுக்காணிக்கு அந்த அவசரமில்லை.

விவசாயத் திணைக்களப் பரிந்துரை ஏக்கருக்குச் சுமார் இரண்டு புசல் (ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ) விதை. வெள்ளத்தில் போகுமென்று நான்கு புசல் எறிபவர்கள் உண்டு. வெள்ளம் வராவிட்டால் அந்த நெருக்கமே நோயைக் கொண்டுவரும். வெள்ளம் வடிந்த கையோடு யூரியா போடுவதும் வீண். புதிய இலை வரும்வரை வேர் அதை எடுக்காது.

பூக்கும் நாட்களில் முற்பகல் மழை நல்லதல்ல. நெல் மடல் விரிவது பெரும்பாலும் காலை ஒன்பது முதல் மதியம் வரை. அந்நேரத்து மழை மகரந்தத்தைக் கழுவிவிடும், சப்பி (பதர்) நெல் கூடும். தைப் பனியும் குளிர்ந்த இரவும் கூடுதல் யூரியாவும் ஒன்று சேர்ந்தால் எரிபந்த நோய் வரும். மூன்றில் விவசாயியின் கையிலிருப்பது யூரியா மட்டுமே.

ஒரு கிழமை அடைமழை, அடுத்த இரண்டு கிழமை வெயில். ஏன்?

மேடன் ஜூலியன் அலைவு என்றொரு பெரிய மழைமேகத் தொகுதி பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகர்கிறது. ஒரு சுற்றுக்கு 30 முதல் 60 நாள். அது இந்து சமுத்திரத்துக்கு மேல் நிற்கும்போது எங்களுக்கு மழை கூடும், தாழமுக்கம் உருவாகும் வாய்ப்பும் கூடும். பசிபிக் பக்கம் போய்விட்டால் மாரிக்குள்ளேயே ஓய்வு கிடைக்கும். இதை இரண்டு கிழமை முன்னரே ஓரளவு கணிக்கலாம். நெல் காயவைக்கவும் கொங்கிரீட் போடவும் நாள் பார்ப்பவருக்கு எல் நினோவைவிட இதுவே பயன்படும்.

“சில இடங்களில் 100 மி.மீ. இலும் கூடிய பலத்த மழை” என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை என்பது 1 லீற்றர். 100 மி.மீ. பெய்தால் 20 பேர்ச் (ஏறத்தாழ 500 சதுர மீற்றர்) வளவில் ஏறத்தாழ 50,000 லீற்றர், ஒரு ஏக்கர் வயலில் 4 லட்சம் லீற்றர். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மணல் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். ஆனால் மார்கழியில் நிலத்தடி நீரே மேலேறி, கிணறு கட்டோடு நிற்கும். அதற்குப் பிறகு பெய்வது போக இடமில்லை. அதனால்தான் கார்த்திகையில் 100 மி.மீ. தாங்கிய ஒழுங்கை, மார்கழியில் 50 மி.மீ. மழைக்கே முழங்கால் அளவு நிற்கிறது. மலசலகூடக் குழி நிரம்பி வழிவதும் இதனால்தான். குழியை மாரிக்கு முன் வெறுமையாக்கி வையுங்கள், நடுவில் எடுத்தால் நிலத்தடி நீரே உள்ளே ஊறி மறுபடி நிரப்பிவிடும்.

ஊரில் மழை விட்டுவிட்டது. பிறகு ஏன் வெள்ளம் ஏறுகிறது?

தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. சேனாநாயக்க சமுத்திரத்துக்கும் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களுக்கும் மேலே பெய்த மழை மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் கரைக்கு வந்துசேரும். குளங்களின் வான்கதவு திறந்தால் இன்னும் கூடும். முந்தனை ஆறு பெருகினால் கிரானும் சித்தாண்டியும், கல்லோயாப் பக்கம் பெருகினால் சம்மாந்துறை, காரைதீவுத் தாழ்நிலமும் முதலில் பாதிக்கப்படும். கிட்டங்கி, மாவடிப்பள்ளி வீதிகளில் தண்ணீர் பாயும்போது உழவு இயந்திரம் உயரமாக இருக்கிறதே என்று இறங்கவேண்டாம். முழங்கால் அளவு வேகநீர் ஆளைச் சாய்த்துவிடும், ரயருக்குக் கீழே வீதி அரித்துப்போனது மேலிருந்து பார்த்தால் தெரியாது. 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு அரபுக் கல்லூரிப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். தண்ணீர் வடியும்வரை பிள்ளைகளைப் பயணம் அனுப்பாதீர்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

முகத்துவாரத்தை உடனே வெட்டிவிட்டால் என்ன?

மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளம். கடலுக்குப் போகும் வாய்களை, அதாவது முகத்துவாரங்களை, கோடையில் மணல் அடைத்துவிடும். வாவி ஏறினால் அதன் மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் மூழ்கும், ஆகவே விவசாயி வெட்டச் சொல்வார். முந்தி வெட்டினால் ஓட்டத்தோடு இறால் கடலுக்கு இறங்கிவிடும், ஆகவே மீனவர் பொறுக்கச் சொல்வார். கடல் மட்டம் உயர்ந்து அலை அடிக்கும் நேரம் வெட்டினால் வாவித் தண்ணீர் இறங்குவதற்குப் பதிலாக உப்பு உள்ளே ஏறும், மணலும் மறுபடி மூடிவிடும். இரு தரப்பின் நியாயமும் உண்மையானது. அதனால்தான் வாவி மட்டத்தை அளந்து, சங்கங்களோடு பேசி, மாவட்டச் செயலகம் முடிவெடுக்கிறது. இரவோடிரவாக மண்வெட்டியோடு போவது ஆபத்து. வெட்டிய வாய் தண்ணீரின் வேகத்தில் கணப்பொழுதில் அகலும், கரையில் நிற்பவரின் காலடி மணலும் சேர்ந்து போகும்.

நுவரெலியாக்காரர் சிரிக்கிறார்கள். 23 பாகை எங்களுக்கு ஏன் குளிர்கிறது?

சிரிக்க ஒன்றுமில்லை. ஆனி ஆடியில் 33 பாகைக்கு மேல் பழகிய உடம்பு இது. தையில் பகலே 28 பாகைக்கு அண்மையாகத்தான் போகும். எங்கள் வீடும் வெக்கைக்காகக் கட்டியது: பூக்கல் (துளையுள்ள காற்றோட்டக் கல்) வைத்த சுவர், காற்றோடும் கூரை, சீமெந்து நிலம். கோடையில் இவையெல்லாம் அருமை. மாரியில் அதே பூக்கல் வழியாக வாடை நுழையும், ஈர உடம்பில் பட்ட காற்று சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

வடகீழ்ப் பக்கப் பூக்கல்லை மட்டும் உள்ளிருந்து மறையுங்கள், மற்றப் பக்கத்தை விடுங்கள். எல்லாவற்றையும் அடைத்தால் மூச்சு ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு முட்டு இழுக்கும். தகட்டுக் கூரை விடியற்காலையில் சொட்டுவது ஒழுக்கு அல்ல. குளிர்ந்த தகட்டில் உள்ளீரம் படிந்து இறங்குகிறது. ஓட்டை தேடி ஏறுமுன், மழையில்லாத இரவிலும் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

பனி ஏன் படுவான்கரையில் கூட?

கடல் இரவில் மெதுவாகத்தான் குளிரும், அதனால் காத்தான்குடி, கல்முனைக் கரை இளஞ்சூட்டோடு இருக்கும். உள்ளே வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் முகிலில்லாத தை இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். கீழே தண்ணீர் நிற்கும் வயல், மேலே அசையாத காற்று, இரண்டும் சேரப் பனிமூட்டம். காலை எட்டு மணிவரை மோட்டார் சைக்கிளின் பெரிய வெளிச்சத்தைப் போடாமல் தாழ்ந்த வெளிச்சத்தில் ஓடுங்கள். பெரிய வெளிச்சம் மூட்டத்தில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும்.

மாடுகளுக்குக் குளிர் அவ்வளவு ஆபத்தா?

ஆம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் குளிரில் செத்தன. அங்கே கொன்றது வெறும் வெப்பநிலை அல்ல. மழையில் மயிர் நனைந்து ஒட்டினால் தோலுக்குக் காப்பில்லை, அதன்மேல் காற்று, அதன்மேல் பசி. வயல் விதைத்ததும் மாடுகள் மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குப் போய்விடும், அங்கே ஒதுங்கக் கூரை இல்லை. முதலில் விழுவது கன்றும் மெலிந்த கறவையும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மேடான இடத்துக்குச் சாய்த்து, வடகீழ்ப் பக்கத்துக்குப் படங்கு (தார்ப்பாய்) கட்டுங்கள். காற்றை மறித்தாலே பாதி உயிர் தப்பும். கீழே காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் போடுங்கள். பின்னேரத் தீனியாக வைக்கோல் நிறையக் கொடுங்கள், அது வயிற்றில் நொதிக்கும்போது வரும் சூடு இரவைத் தாங்க உதவும். விழுந்த மாட்டைத் துடைத்துக் காயவைத்த பிறகே மருந்து.

மாரியில் தயிர் ஏன் இறுகுவதில்லை?

இரண்டு காரணம். உறை வளரச் சூடு போதாது, சட்டி ஏற்கனவே ஈரம். மண்சட்டி பாலின் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் எருமைத் தயிர் கட்டியாகிறது. ஈரச் சட்டி உறிஞ்சாது. சட்டியை அடுப்படியில் காயவைத்து, கை சுடாத இளஞ்சூட்டில் (40 முதல் 45 பாகை) பாலை ஊற்றி, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறைக்குப் பதில் ஒன்றரை விட்டு, சாக்கால் மூடி, காற்றுப்படாத மூலையில் வையுங்கள். உறை கூடினால் விரைவில் புளிக்கும், அதைத் தாண்டவேண்டாம். மாரியில் ஊரில் தயிர் வாங்குவோர் குறைவதால் சின்னச் சட்டியாக ஊற்றுவதே விற்பனைக்கும் நல்லது.

மீன் விலை மார்கழியில் ஏன் ஏறுகிறது?

கடல் கொந்தளிப்பால் சின்ன வள்ளங்கள் இறங்காது, கரைவலையும் ஓய்ந்துவிடும். சந்தையில் வாவி மீனும் குளத்துத் திலாப்பியா, விராலும்தான். கருவாட்டைப் புரட்டாசிக்குள் காயவைத்து முடியுங்கள். மாரிக் காற்றில் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று புழுப் பிடிக்கும். பாசிக்குடாவும் அறுகம்பையும் இந்த மாதங்களில் ஆளில்லாமல் கிடப்பதும் இதே கடலால்தான். அங்கே சித்திரை முதல் புரட்டாசி வரைதான் காலம்.

அப்படியானால் “நல்ல மாரி” எது?

ஆளுக்கு ஆள் வேறு. பள்ளக்காணிக்காரருக்கு ஐப்பசியில் நிதானமான மழையும் தையில் வெயிலும். குளத்துக்குக் கீழே சிறுபோகம் (கோடை நெற்செய்கை) செய்பவருக்கு மார்கழியில் குளம் வான் பாயவேண்டும். கரைவலைக்காரர் மாரி முந்தி முடியட்டும் என்பார். செங்கல் அறுப்பவரும் மேசனும் மழையே வேண்டாம் என்பார்கள். நெல் காயவைப்பவருக்கு மாசி முழுக்க வெயில் வேண்டும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்காத நெல் களஞ்சியத்தில் கறுக்கும். “இந்த மாரி நல்லது” என்று யாராவது சொன்னால் அவர் என்ன தொழில் என்று முதலில் கேளுங்கள்.

புயல் எந்த மாதத்தில்?

எங்கள் கரையைத் தாக்கியவை பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். மட்டக்களப்பைச் சிதைத்த புயல் 1978 நவம்பர் 23 இல் வந்தது. புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்துவிட்டதென்று வெளியே வரவேண்டாம், சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். கூரையில் முதலில் கிளம்புவது ஓரத் தகடு. ஓரங்களில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஆணி அல்லாமல் திருகாணி போடுங்கள்.

வீட்டில் மழையை அளக்க முடியுமா?

முடியும். மேலிருந்து அடிவரை ஒரே விட்டமுள்ள தகரப் பேணி போதும். போத்தலை வெட்டினால் அடி சுருங்கியிருக்கும், கணக்குப் பிழைக்கும். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். காலை 8.30 க்கு அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து, எழுதி, ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் 8.30 முதல் 8.30 வரையே கணக்கெடுப்பதால் உங்கள் எண்ணை வானொலியில் சொல்லும் எண்ணோடு நேரே ஒப்பிடலாம். அடுத்த நாள் வளவில் எதுவரை தண்ணீர் நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எத்தனை மில்லிமீற்றருக்கு உங்கள் படலைக்குள் தண்ணீர் வரும் என்பதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.